சாம்பிள் தோசை

காந்திபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கும் சுந்தரராஜுலுவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஊசிதான். வரி அதிகாரிகள் கடைக்குள் வந்து உட்கார்ந்தபோதுகூட டீ வரவழைத்துக் கொடுத்து, சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பியவர். ஆனால் கொரோனாத் தடுப்பூசி முகாமில், தனக்கு முன்னால் நின்றவருக்குக் குத்தியதைப் பார்த்தே மயங்கிச் சரிந்தார். நர்ஸுகள் அட்டையால் விசிறி எழுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கதையை இன்றைக்கும் அவரேதான் எல்லோரிடமும் சொல்லுவார். தன்னைக் கேலி செய்யும் வேலையில் அடுத்தவருக்குச் சிரமம் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்டவருக்குப் போய்ச் சர்க்கரை ஏறியது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று மாதம் பார்ப்போம், முதலில் சாப்பாட்டை ஒழுங்கு பண்ணுங்கள், அப்படியும் இறங்காவிட்டால் தினமும் இன்சுலின்தான் என்றார். சுந்தரராஜுலுவின் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெங்கடலட்சுமிக்கு ஞாபகம் வந்தது வேறு. அந்த அம்மாளின் அண்ணன் வரதராஜுலு பெருந்துறையில் இருக்கிறார். சர்க்கரையைச் சட்டை செய்யாமலே இருந்து, கால் விரலில் வந்த சின்னப் புண் பெரிதாகி, முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். அங்கேயே தங்கிப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டவர் வெங்கடலட்சுமிதான். டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அக்ஷிதா விஷயம் கேள்விப்பட்ட அன்றே ஓர் ஏற்பாடு செய்தாள். சமையலுக்கு வேண்டிய சாமான்களை அளந்து, நறுக்கி, பெட்டியில் போட்டுத் தினமும் காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு மூன்று மாதச் சந்தா கட்டிவிட்டாள். பெட்டியோடு வரும் அட்டையில் உள்ளபடி செய்தால் போதும், சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும் என்றாள். சின்னக் குழந்தையும் செய்துவிடும் என்று சொல்லப்பட்ட எத்தனையோ வேலைகளில் தோற்றுப்போன அனுபவம் சுந்தரராஜுலுவுக்கு உண்டு. இருந்தாலும் ஊசியை நினைத்துச் சரி என்றார்.

முதல் பெட்டியை அவரேதான் பிரித்தார். உள்ளே குடைமிளகாய் ஒரு பொட்டலம், கீரை ஒரு பொட்டலம், கினோவா என்று ஏதோ ஒரு தானியம் கைப்பிடி அளவு. எண்ணெய் ஷாம்பு பாக்கெட் மாதிரி ஒரு சின்ன உறையில் இருந்தது, உப்பு அதைவிடச் சின்ன உறையில். அட்டையை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வதக்கச் சொன்னதை வதக்கி, கலக்கச் சொன்னதைக் கலக்கி, இரண்டு தட்டில் அழகாகப் பரப்பினார். பிறகு மனைவியிடம், இதற்குச் சாதம் எப்போது வைப்பாய் என்று கேட்டார். வெங்கடலட்சுமி அட்டையை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். இவர்கள் வீட்டுக்குள் பேசுவது பாதி தெலுங்கு, பாதி கோயமுத்தூர்த் தமிழ். இங்கே முழுக்கத் தமிழிலேயே சொல்லிவிடுவோம்.

"ஏனுங்க, சாதமே இதுதானாட்ட இருக்குதுங்க" என்றார்.

பெட்டி இரண்டு பேருக்கானது. அக்ஷிதா அப்படித்தான் சொல்லி வாங்கியிருந்தாள். ஆனால் வெங்கடலட்சுமி தனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரையும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. தோசை என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, சின்ன வெங்காயச் சட்னியோடு காலையில் இரண்டு உள்ளே போனால்தான் முகத்தில் சிரிப்பே வரும். கடைக்கு வந்த சரக்கிலேயே நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கித்தான் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் எடுத்துவந்திருந்தார். அந்தக் கிரைண்டரை அன்று வெங்கடலட்சுமி துடைத்து, ஒரு பழைய புடவையால் சுற்றி, மூலையில் தள்ளிவைத்தார். உனக்கு என்ன வந்தது, நீ சாப்பிடேன் என்று சுந்தரராஜுலு சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தழையக் குடுத்துப்போட்டு எதுருல ஒக்காந்து நான் எப்பிடீங்க தோசை திங்கறது? எறங்குமா?"

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. மனைவி கூடவே சாப்பிட்டால் தனக்கும் துணையாக இருக்கும் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டார். பிற்பாடு நினைத்து வெட்கப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஒரு வாரத்தில் ஆள் நிபுணராகிவிட்டார். தட்டைப் படம் பிடித்துத் தினமும் வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். காலையில் கூட நடக்கிறவர்களை நிறுத்திவைத்துச் சியா விதையின் பெருமையை எடுத்துச் சொன்னார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்து, கேட்டவரிடமெல்லாம் காரணம் சொன்னார். கேட்காதவரிடமும் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக வெங்காயம் வதக்கியவனுக்கு இவ்வளவு அலட்டல் ஆகாது என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் மறுநாள் புதுப் படம் ஏறியது. மச்சானுக்கும் பெருந்துறைக்குத் தவறாமல் அனுப்பினார். அவர் கை கூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவார்.

இனிக் கடைக்கு வருவோம்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு, அப்பா காலத்திலிருந்து. கிரைண்டர் வாங்க வருகிறவர்களிடம் மோட்டார், கல், வாரண்டி என்று வாயால் மட்டும் அளக்கக் கூடாது. ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் அவர்கள் கண் முன்னால் போட்டு அரைத்துக் காட்ட வேண்டும். அந்த மாவு ராத்திரி புளித்து, மறுநாள் வருகிறவர்கள் கைக்குத் தோசையாகப் போக வேண்டும். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானிடம் மாவைக் கொடுத்துவிடுவார்கள். அவர் வேண்டும்போது சுடச்சுட வார்த்துக் கொடுப்பார், மிச்ச மாவு அவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு விதி: கடைக்காரன் முதலில் பிட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். விற்கிறவனே தின்னாததை வாங்குகிறவன் எப்படி நம்புவான் என்பார் அப்பா. சுந்தரராஜுலு முப்பது வருடமாக அந்த விதியை மீறியதில்லை. பிட்டுக்கொள்வது என்று ஆரம்பித்தால் பாதித் தோசை போகும். வாங்க வந்தவர்கள் கூச்சப்பட்டு வைத்துவிட்ட மீதியை வீணாக்க மனது வராது.

பெட்டிச் சாப்பாடு ஆரம்பித்த சமயத்தில் ஆவணி வந்தது. கல்யாணச் சீருக்குக் கிரைண்டர் வாங்குகிற மாதம். காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கலீல் ரஹ்மானின் கல் ஆறவே இல்லை. வீட்டில் உறையில் வந்த எண்ணெய்க்கு மேல் ஒரு சொட்டு விடாத மனிதர், கடையில் வந்தவர்களோடு வந்தவராகப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் வராத நாளிலும், மாவு பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்று வேண்டியிருந்தது.

கலீல் ரஹ்மான் ஒரு நாள் தட்டை நீட்டிக்கொண்டே, என்னங்க மொதலாளி, டயட்டுன்னு சொன்னீங்களே என்று கேட்டார்.

"இது சாப்பாடு இல்லீங்க பாய், சாம்பிள்" என்றார் சுந்தரராஜுலு.

பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அது அப்படித்தான் இருந்தது. வீட்டில் தட்டு போட்டு உட்கார்ந்து தின்பது சாப்பாடு. கடையில் நின்றுகொண்டே வாயில் போடுவது வியாபாரம். ஷட்டரை இறக்கும்போது தோசையும் அதற்குப் பின்னால் நின்றுவிடுவதாக ஓர் எண்ணம். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு வேறு ஏதும் தின்னீர்களா என்று மனைவி கேட்டால், ஒன்றுமில்லையே என்று முகம் மாறாமல் சொல்ல அவரால் முடிந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். வெங்கடலட்சுமி சும்மா துணைக்குக் கொடுத்தார், அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, அம்மா, நீங்கள் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றார். பிறகு சுந்தரராஜுலு பக்கம் திரும்பினார். சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது. வெளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

சுந்தரராஜுலு வாயைத் திறப்பதற்குள் வெங்கடலட்சுமி பதில் சொல்லிவிட்டார்.

"பெட்டில வந்ததத் தவிர ஒரு வாய் தொடலீங்க டாக்டர். நானே பக்கத்துல இருந்து பாக்கறேனுங்க. உங்க லேப்புலதான் என்னமோ மாத்திப் போட்டிருக்காங்க."

அந்த அம்மாள் யாரிடமும் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று உயர்த்தினார். வேறு லேபில் பார்க்காமல் ஊசி எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். டாக்டரம்மா சரி என்றார். சுந்தரராஜுலு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவணி மாதத்துத் தோசைகள் எல்லாம் அந்த நிமிடத்தில்தான் வரிசையாக அவர் கண் முன்னால் வந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம்.

வேறு லேபும் அதையேதான் சொன்னது. அப்படியானால் பெட்டியில்தான் கோளாறு என்று வெங்கடலட்சுமி முடிவுகட்டினார். சர்க்கரையைத் தூவி அனுப்புகிறார்களோ என்னவோ. சாயந்திரம் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜெனிஷா என்று ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், பயந்த குரல். வெங்கடலட்சுமி அண்ணன் காலில் ஆரம்பித்து, இவர் கால் வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், சார் வெளியில் வேறு ஏதாவது சாப்பிட்டிருப்பாரா மேடம் என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரர் என்றகிட்டப் பொய் சொல்ல மாட்டாருங்க கண்ணு. முப்பது வருசமாப் பாக்கறேன்."

எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். செய்யாத தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்டதையும், செய்தவர் கேட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்ததையும் சுந்தரராஜுலுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து போனைக் கையில் வாங்கினார்.

"அம்மணி, தப்பு உங்க பெட்டில இல்லீங்க. தோசைலதானுங்க. கடைல தெனமும் தின்னுபோட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி திட்டுவார் என்று நின்றார். திட்டினால் வழக்கம்போலத் தானும் சேர்ந்து தன்னைத் திட்டிக்கொண்டு சிரித்து முடித்துவிடலாம். வெங்கடலட்சுமி அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் ஊட்டு வாசல்ல ஒத்தச் செருப்புக் கெடக்கும். பாத்திருக்கறீங்கல்ல" என்றார். பிறகு உள்ளே போய், பெட்டியில் வந்த கீரையை அலச ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, தோசை இல்லாமல் இன்னும் ஒரே ஒரு மாதம், அப்படியும் இறங்காவிட்டால் ஊசிதான், அதன் பிறகு என்னிடம் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அங்கிருந்து வெங்கடலட்சுமி வீட்டுக்குப் போவார் என்று சுந்தரராஜுலு நினைத்தார். அந்த அம்மாள் கூடவே கடைக்கு வந்து, அரைக்கிற கிரைண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளகோவிலிலிருந்து ஓர் அம்மா, கல்யாணம் நிச்சயமான மகளோடு வந்தார். சுந்தரராஜுலு மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தார். கலீல் ரஹ்மான் வழக்கப்படி தட்டோடு வந்து, வழக்கப்படி மொதலாளியிடம் நீட்டினார்.

"இங்க குடுங்க பாய்" என்று வெங்கடலட்சுமி கையை நீட்டினார்.

கடையின் விதி விதிதான். விற்கிறவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். வெங்கடலட்சுமி ஓரத்து முறுகலைப் பிட்டு வாயில் போட்டார். அடுத்தது நடுப்பகுதி. எதிரில் வாங்க வந்தவர்கள் நிற்பதையே மறந்துவிட்டு, அவசரமில்லாமல், சட்னியை வழித்து வழித்துச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று சுந்தரராஜுலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளகோவில் அம்மா மோட்டாரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இதே மெசினில் எங்களுக்கு ஒன்று போடுங்க என்றார். முப்பது வருடம் தான் பேசிய பேச்சையெல்லாம் நினைத்துச் சுந்தரராஜுலு பில் எழுதினார்.

அவர்கள் போனதும் டிபன் பாக்ஸ் மேசைமேல் அவர் பக்கமாக நகர்ந்து வந்தது. திறந்தார். வெள்ளரிக்காய், முளைகட்டிய பாசிப்பயறு, பாதி எலுமிச்சம்பழம். தன்னைப் பற்றி ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தார்.

வெங்கடலட்சுமி இரண்டாவது தோசையையும் முடித்துவிட்டு, தட்டைக் கலீல் ரஹ்மானிடம் கொடுத்தார்.

"தோசை தின்னு மூணு மாசமாச்சுங்க பாய்" என்றார். "நாளைக்கும் வாரேன்."