கால்வாசி சத்தம்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு என் மனைவிக்குச் சத்தமே ஆகாமல் போயிற்று. கரண்டி கீழே விழுந்தால்கூட இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொள்வாள். "நாளாகும். வீட்டை அமைதியா வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

என் பிழைப்போ கிதார். மன்னார்குடிக்கு வெளியே எங்கள் வீட்டு முன்னறையில் வாசித்துப் பதிவுசெய்து சென்னை ஸ்டுடியோக்களுக்கு அனுப்புவேன். கிதார் ஒலியைப் பெருக்கும் என் ஆம்ப் பழைய வால்வு ஆம்ப். சத்தத்தை ஏற்றினால்தான் அதற்கு உயிர் வரும். குறைத்தால் சளி பிடித்த குரல் மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. அழைப்புகள் குறைந்தன. கடைசியாகப் பேசியவர், "வேற ஆளை வச்சு முடிச்சுட்டோம்ங்க" என்றார்.

அன்றைக்குத்தான் ஆம்ப்பைத் திறந்தேன். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுப்பவை கடைசியில் இருக்கும் நான்கு பெரிய கண்ணாடி வால்வுகள். இரண்டைக் கழற்றிவிட்டு, மீதி இரண்டின் இணைப்பை மாற்றினால் சக்தி கால்வாசியாகும் என்று படித்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வயர்களை ஈயத்தால் பற்றவைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஆம்ப் கிறீச்சிட்டது. நான் எங்கோ தப்பாக இணைத்திருக்க வேண்டும். உள்ளறையில் அவள் அலறினாள். பதற்றத்தில் சுவிட்சை அணைக்காமல் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு அவளிடம் ஓடினேன். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது. எனக்குத் தெரியாததா? அவள் தலையை மடியில் வைத்திருந்தபோதே கருகல் வாடை வந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிருந்தது. இனி அந்த ஆம்ப் வெறும் பெட்டி.

அந்த மாடலுக்கு டிரான்ஸ்பார்மர், போன் போட்டுக் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் எரிந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் போனேன். கடை வாசலில் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன.

"குறுவைக்குத் தண்ணி எறைக்கணும்னு எல்லாரும் நிக்கிறாங்க. இப்ப போயி பாட்டுப் பெட்டியா?" என்றார்.

நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மோட்டாரோடு நின்ற விவசாயிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எத்தனை சுத்துன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப பிரிச்சு எண்ணுவோம். நீங்க பிரிங்க, நான் எண்ணுறேன்."

கருகிய கம்பி அடிக்கடி அறுந்தது. மோட்டார் வேலைக்கு நடுவே அவர் எண்ணி, புதுக் கம்பி சுற்றி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவளும் நானும் சைகையிலேயே பேசிக்கொண்டோம்.

அவர் சுற்றிக்கொடுத்த டிரான்ஸ்பார்மரை மாட்டி, இணைப்பைச் சரிபார்த்து, கிதார் கம்பிகளை ஒரே ஒரு முறை மீட்டினேன். கிறீச்சல் இல்லை. ஆனால் சக்தி கால்வாசியானால் சத்தமும் கால்வாசியாகிவிடாது என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கிதாரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் காதைப் பொத்தியபடி அறை வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கோ. இனிமே தொட மாட்டேன்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். அத்தனை நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். "சத்தம் வலிக்குதுதான். ஆனா நீங்க வாசிக்காம இருந்தீங்கல்ல, படுத்துக்கிட்டே நெனைப்பேன், என்னால இவர் வாழ்க்கையே போச்சுன்னு. அது இதைவிட வலிக்குது. ஸ்பீக்கரை மட்டும் வேற எங்கயாவது வைங்களேன்."

பக்கத்து வயல்காரர் தன் மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட்டார். நீள வயர் இழுத்து ஸ்பீக்கரையும் மைக்கையும் அங்கே வைத்தேன். முதல் பதிவு முழுக்கத் தவளைச் சத்தம். ஸ்டுடியோ திருப்பி அனுப்பியது. இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு இன்னும் சரியாகவில்லை. பிரஷர் குக்கர் விசில் வந்தால் இன்றும் நடுங்குகிறாள். நான் வாசிக்கும்போது மட்டும், கொட்டகைப் பக்கத்து ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்கச் சொல்கிறாள்.