இருபதுக்குப் பிறகு லாபம்

அன்றைக்கு என் கையில் ஒரு பென்சிலும் கட்டம் போட்ட ஒரு தாளும் இருந்தன. வேலூரில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். நோயாளிக்குக் குளோரோபாரம் கொடுத்து மயக்க, மாணவிகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் எங்கள் பெரிய டாக்டரம்மாவுக்கே ஒரு சந்தேகம் வந்து, வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார். ஒரு பாதிக்குக் கரும்பலகைப் பாடம். மயக்கத்தின் நிலைகளையும் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் வாய்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். மறு பாதி ஏட்டையே தொடக் கூடாது. நாடியில் விரலையும் முகத்தில் கண்ணையும் வைத்துப் பழக வேண்டும். வருஷக் கடைசியில் ஒரு பாதியின் வேலைக்கு மறு பாதி மதிப்பெண் போடும். எந்த முறை ஜெயிக்கிறதோ அதுதான் இனிமேல் பாடம் என்று ஏற்பாடு. நான் நாடிக் கட்சி. என் தோழி கரும்பலகைக் கட்சி.

தோழி ஜோலார்பேட்டைக்காரி. அப்பா ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவர் என்று வந்த முதல் நாளே எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னவள். மயக்க நிலைகளை ஒரு கீர்த்தனை மெட்டில் போட்டுக் குளிக்கும்போது பாடுவாள். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாதுடி" என்று நான் கேலி செய்வேன். "நீ நாடியப் புடிச்சிக்கிட்டே தூங்கப் போற பாரு" என்பாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது ஒன்பது நாள் தன் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு வெறும் பாயில் சுருண்டு கிடந்தாள். அவளிடம்கூட நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். என் அப்பா ஆம்பூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் என்று. அவர் தோல் ஷாப்பில் பதனிட்ட தோலை எண்ணிக் கட்டுகிறவர். விடுமுறை முடிந்து திரும்பும்போதெல்லாம் துணிகளை இரண்டு முறை துவைத்து முகர்ந்து பார்த்துத்தான் பெட்டியில் வைப்பேன்.

தோழிக்குச் சோதனை நாள் அன்று. மதிப்பெண் போடுகிற முறை என்னுடையது. மாதனூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். உள்ளங்கையில் சீழ் பிடித்து முழங்கை வரை வீங்கியிருந்தது. அவள் மேலிருந்து சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த தோல் ஷாப் வாசம் வந்தது. எங்கள் வீட்டு வாசம். நான் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். பெரிய டாக்டரம்மா கீறி விடுகிற சின்ன வேலைதான். இதற்கு ஆழ்ந்த மயக்கம் வேண்டாம், நோயாளியை எண்ணச் சொல், எண்ணிக்கை குலைந்ததும் கத்தி வைக்கலாம் என்பது கரும்பலகைப் பாடம்.

"எண்ணத் தெரியுமாக்கா?" என்றாள் தோழி.

"தெரியும்மா. தெனம் அதான வேல."

தோழி துணி மூடிய கம்பிக்கூட்டை அவள் மூக்கின் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டபடி, தானே "ஒண்ணு" என்று தொடங்கிவைத்தாள். அந்தப் பெண் "ரெண்டு, மூணு" என்று பிடித்துக்கொண்டாள். குரல் போகப் போகத் தணிந்தது, ஆனால் ஒரு எண்ணும் பிசகவில்லை. பத்தொம்பது. இருபது. அப்புறம் "லாபம்" என்றாள்.

"கொழப்பிட்டாங்க டாக்டர். எண்ணிக்க போச்சு" என்றாள் தோழி.

போகவில்லை. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்களே, எங்கள் ஷாப்பில் தோலுக்கும் அதே வழக்கம். இருபது தோல் ஒரு கட்டு. அடுத்த கட்டு லாபத்தில் தொடங்கும். நான் எண்ணப் பழகியதே அப்படித்தான். அந்தப் பெண் முழு நினைவோடு, தினமும் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள். அது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். "இருங்க, இன்னும் முழிப்புதான்" என்று சொன்னால் போதும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மதிப்பெண் போடுகிறவள் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. பழியை அதன் மேல் போட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை. நான் வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

கத்தி பட்டதும் அவள் அலறி எழுந்தாள். நாலு பேர் பிடித்து அமுக்கினோம். பதறிப்போன தோழி மருந்தைச் சொட்டாக விடாமல் ஊற்றிவிட்டாள். அலறிய மூச்சிலேயே அத்தனையும் உள்ளே போயிற்று. முகம் வெளுத்தது, நாடி நின்றது. கைகளைத் தூக்கி இறக்கி, நெஞ்சை அமுக்கி என்னென்னவோ செய்து பார்த்தோம். வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தான்.

நாடிக் கட்சி ஜெயித்தது. பெரிய டாக்டரம்மா கரும்பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, "என் பாடம் ஒரு உயிரைக் கொன்றுவிட்டது" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். பாடத்தில் பிழை இல்லை என்று நான் அப்போதும் சொல்லவில்லை. இன்றைக்கு நான் பயிற்சி கொடுக்கிற பெண்களும் விரலையும் கண்ணையும் வைத்துத்தான் பழகுகிறார்கள். நல்ல முறை என்று பலரும் பாராட்டுகிறார்கள். கேட்கக் கேட்க நெஞ்சு எரிகிறது.

தோழி அந்த வாரமே படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பல வருஷம் கழித்து ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் வண்டி மாற இறங்கியபோது அவளைப் பார்த்தேன். ரயில்வேக்காரர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம். இளைத்திருந்தாள், தலை பாதி நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கியா? நீயாவது டாக்டராய்ட்ட" என்றாள். வண்டி வருகிற நேரத்தில் கேட்டாள்.

"ஏய், அந்தம்மா கடேசியா லாபம்னு சொன்னாங்களே. உங்க ஆம்பூர்ப் பக்கம் அதுக்கு இன்னாடி அர்த்தம்? யார யாரையோ கேட்டுட்டேன்."

எத்தனையோ வருஷம் கழித்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்டது மறுபடியும் என் வாயில் வந்து நின்றது.

"தெரியாதுடி" என்றேன்.