என் சாவுக்கு முன்பே எடுத்துச் சென்ற வேல்

அலைவாய்க் கரையில் அமர்ந்து ஆறு முகத்தாலும் அருள் பொழியும் செந்தில் அரசே, அடியேன் எழுதும் சொல்லில் பொய் கலவாதபடி காத்தருள்க.

ஆவணி மாத வளர்பிறைச் சஷ்டியும் விசாக நட்சத்திரமும் கூடிய இச்செவ்வாய்க்கிழமையில், முருகன் அடியார்களாகிய உங்கள் முன் என் அனுபவத்தை வைக்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து செல்லும் எங்கள் குழுவின் செப்பு வேல் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வீட்டுப் பூசையறையில் இருந்தது. பாமாலை சொல்லி அதை ஏந்தி முன்னே நடப்பவனும் நானே.

சென்ற ஆண்டு ஆடியில் எனக்குக் குடல் புற்று என்று தெரிந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. "முழுசாக் குணமாக்க முடியாது ஐயா. வளரவிடாமப் பிடிச்சு வைக்கப் பார்ப்போம்" என்றார் மருத்துவரம்மா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குப் பேருந்தில் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டு வருவேன். அதன்பின் நான்கு நாள் குமட்டல். தாளிக்கும் வாசனை பட்டாலே குடல் புரளும். என் மனைவி செண்பகம் கொல்லையில் அடுப்பு வைத்துச் சமைத்தாள். வாயெல்லாம் புண். இளஞ்சூட்டுக் கஞ்சியும் எரிந்தது. ஐம்பது ஆண்டு மனனம் செய்த பாடல்களை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், குழுச் செயலாளர் சங்கரலிங்கம் இரண்டு பேரோடு வந்தான். என்னோடு பதினெட்டு ஆண்டு நடந்தவன். நலம் விசாரிக்க வந்தானென்று எண்ணினேன்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா துடக்கு விழுந்துரும். பொறவு வேலு இங்கன இருக்கக் கூடாது. பூச நடையே நின்னுபோவும்லா?"

"ஏலே, நான் உசுரோடதானல இருக்கேன்?"

"அதனாலதான் இப்பவே வந்தோம், அண்ணாச்சி."

இழவு வீட்டுத் தீட்டு பட்ட வேலை அந்த ஆண்டு எடுப்பதில்லை என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. அதை நான் அறியாதவனல்லேன். ஆனால் என் சாவுக்கு நாள் குறித்து, நான் பார்த்திருக்கவே என் தெய்வத்தைத் துண்டில் சுற்றித் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். செண்பகம் வாசலில் நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு கொதித்தது.

அன்று முதல் நான் உடல்நலம் வேண்டவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கும்போதும் ஒன்றையே வேண்டினேன். 'செந்திலாண்டவா, அவன் வீட்டில் இழவு விழட்டும். அவனே என் வேலை வெளியே அனுப்பட்டும். அதைக் கையில் வாங்கும்வரை என் உயிர் நிற்கட்டும்.' துதி வராத வாயில் சாபம் தடையின்றி வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். ஆயினும் அந்தச் சினமே என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. புண்ணோடு கஞ்சியை விழுங்கினேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பழகினேன். அவனுக்கு முன் சாகக் கூடாது என்பதே என் விரதம்.

தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையில் செண்பகம் கடையிலிருந்து ஓட்டமாக வந்தாள்.

"கேட்டீங்களா? சங்கரலிங்கம் மவ பிரசவத்துக்கு வந்திருந்தாள்லா? மாசியிலதான் நாள் சொல்லியிருந்தாவ. எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டு. பொம்பளப் புள்ள. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவளாம். ஒங்க சாவுக்குக் காவல் இருந்தான். அவன் வீட்டுலயே பொறப்புத் துடக்கு வந்துட்டு!"

பிள்ளை பிறந்த வீட்டிலும் முப்பது நாள் வேல் இருக்கலாகாது. என் வீட்டில் வரப்போகும் சாவை எண்ணியவன், தன் வீட்டில் வரப்போகும் பிறப்பை எண்ண மறந்தான். நான் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பின் வந்த சிரிப்பு அது. பாதியில் நின்றது. கண்ணாடிப் பெட்டி. நான் கேட்ட இழவு அந்தச் சிசுவாக இருந்துவிட்டால்?

பூசையறையில் வேல் இருந்த வெற்றிடத்தின் முன் விழுந்தேன். 'ஐயா, என் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குஞ்சின்மேல் வைக்காதே.' குழந்தைக்காக மட்டுமே வேண்டினேன். அவனுக்காக வேண்டவில்லை.

மறுநாள் குழுவினர் வேலை என் வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் நீரில் ஆட்டினார்கள். சங்கரலிங்கம் வரவில்லை. வரவும் கூடாது. பூசத்துக்கு அடுத்த நாள் விழ வேண்டிய கீமோவை மருத்துவரம்மா இரண்டு நாள் தள்ளிவைத்தார். "ஒரு தெரு நடங்க. பெறகு வண்டியில ஏறிரணும். மாஸ்க்கக் கழட்டப்படாது" என்று கட்டளை.

புறப்பட்ட காலையில் செம்பின் குளிர்ச்சி என் விரல்களில் ஊசியாய்க் குத்தியது. மருந்தின் வேலை அது. செண்பகம் தன் முந்தானையைக் கிழித்துப் பிடியில் சுற்றிக் கொடுத்தாள். ஏந்தி நடந்தேன். சங்கரலிங்கத்தின் தெருமுனையில் அவன் பத்தடி தள்ளிக் கைகூப்பி நின்றான். நான் வேண்டுமென்றே நின்றேன். எனக்குப் பின்னே நாற்பது பேரும் நின்றார்கள்.

"புள்ள எப்படில இருக்கு?"

"தேறிட்டா, அண்ணாச்சி. நாளைக்கு வீட்டுக்கு விடுதாங்க."

"நல்லது. ஏலே, என் துடக்குக்கு நாள் பாத்தியே, ஒழுங்காப் பாத்தியா? ஒன் பேத்தி நடந்து வந்து எங்கிட்ட திருநீறு வாங்குவா. அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

அவன் தலை கவிழ்ந்தது. எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன். தெரு முடிவில் சமையல் பாத்திர வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, கோயில் வாசலில் மீண்டும் வேலைக் கையில் வாங்கினேன்.

இன்றும் மருந்து நடக்கிறது. நோய் போய்விடவில்லை. அண்மை ஸ்கேனில் அது வளரவில்லை. சங்கரலிங்கத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். சூரனைத் தன் கொடியாகவும் வாகனமாகவும் ஆக்கிக்கொண்ட பெருமை என் ஆண்டவனுக்கு உரியது; எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் எவர் வீட்டிலும் இழவு கேட்பதில்லை. அந்தக் குழந்தையின் பெயரையும் நாள்தோறும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடியார்களே, உங்கள் வயிற்றெரிச்சலையும் மறைக்காமல் அவன் காலடியில் கொட்டுங்கள். எதைத் தருவது, எதை மறுப்பது என்று அவன் அறிவான். இதை வாசிக்கும் அனைவரும், உங்களுக்கு நாள் குறித்தவர்கள் நாணும்படி, நீடு வாழ்வீர்களாக!