வாலுக்குப் பின்னால் ஒருவர்

வாலக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம். இடி பயம், லிஃப்ட் பயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் அவள் நின்றதாகச் சரித்திரமே இல்லை. அப்படிப்பட்டவள் வாரா வாரம் சதுப்பு நிலத்துக்குள் சைக்கிள் ஓட்டிப் பிழைத்தாள் என்றால், விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலை கொடுத்தது அவளுடைய கொழுந்தன். நகரத்து ஆட்களை வாடகைச் சைக்கிளில் ஏற்றி, வயலும் சதுப்புமாகப் பரந்து கிடக்கும் சமவெளியை ஒரு பகல் முழுக்க ஆற அமரச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். மேடு கிடையாது, அவசரமும் கிடையாது. கொக்கைப் பார்த்தால் நிற்கலாம், நிழலைப் பார்த்தால் உட்காரலாம். முன்னால் வழிகாட்டி அவன் போவான். பஞ்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் கடைசியில் வால் மாதிரி ஒருவர் வர வேண்டும். அதற்கு வைத்த இளவட்டங்கள் எல்லாம் வேகத்துக்கு ஆசைப்பட்டு முன்னால் ஓடிவிட்டார்கள். "அண்ணி, பயப்படுறவங்கதான் வாலுக்கு லாயக்கு. நீங்க வாங்க," என்றான். தையல் கடையில் பட்டன் தைத்துத் தைத்துக் கண் நொந்திருந்தவள் சரி என்றாள். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவள் வாலக்கா.

பயத்தாலேயே வேலையை நன்றாகச் செய்தாள். வீட்டுக்குப் பின்னால் சைக்கிள்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. சுவர் ஆணிகளில் டியூப்கள் தொங்கும்; கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பா இருக்கும். காலையில் ஒவ்வொரு பிரேக்கையும் இழுத்துப் பார்ப்பாள். இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து இழுப்பாள்.

தையல் கடையில் மிஞ்சிய சிவப்பு லைனிங் துணியை நாடாவாகக் கிழித்துக் கொடுத்ததும் அவள்தான். வழி பிரியும் இடங்களில், திரும்ப வேண்டிய பக்கத்து நாணலில் கொழுந்தன் ஒரு நாடாவைக் கட்டிவிட்டுப் போவான். வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசியாக வரும் வாலக்கா அதை அவிழ்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வாள். வாலுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அந்தத் தொழிலில் அது ஒன்றுதான் சட்டம்.

அவளுடைய கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ஊரையே முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிய மனுஷர். வீட்டிலும் ஸ்டியரிங் அவர் கையில்தான். மனைவி குடை எடுத்துப் போகச் சொன்னால் வேண்டுமென்றே விட்டுப் போவார், நனைந்து வந்து தும்முவார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு வாரம், "நானும் வர்றேன்," என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொட்டகை வாசலில் வாலக்கா எல்லோருக்கும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "சிவப்புத் துணி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் திரும்பணும். துணி இல்லையா, நேரா போய்க்கிட்டே இருக்கணும். நீங்களா யோசிச்சு எங்கயும் திரும்பக் கூடாது."

"கேட்டீங்களா? கண்டக்டரம்மா விசில் ஊதிட்டாங்க," என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. அவளோடு கடைசியில் வந்தவர், இது சைக்கிளா கட்டை வண்டியா என்றார். பின்னால் வருவது தனக்குப் பழக்கமே இல்லை என்றார். தண்ணீர் குடிக்க நின்ற பம்ப் செட்டில் அவளும் பொறுமை இழந்தாள்.

"பின்னால வரப் பிடிக்கலைன்னா முன்னால போங்களேன். யாரு புடிச்சு வச்சிருக்கா?"

"போறேன். உன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு நாலு கொக்கைப் பார்க்கலாம்." தன் போனை அவள் பையில் திணித்தார். "இதை வச்சுக்கோ, தண்ணியில விழுந்துடும்."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது தெரிந்தது. அதற்குள் ஓர் அம்மாளின் செயின் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டி நிமிர்ந்தபோது, முன்னால் போகும் கூட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு. போகட்டும், கோபம் தணிந்தால் தானாக வருவார் என்று நினைத்து, அந்த அம்மாளை முன்னால் விட்டுப் பின்னால் மிதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாலுக்குப் பின்னால் என்ன இருக்கப் போகிறது?

கொஞ்ச தூரத்தில் வழி பிரிந்தது. இடது பக்கம் வண்டிப்பாதை. நேராகப் போவது பழைய கரை. நாணலுக்குள் நுழைந்து நடுவில் தாழ்ந்து கிடக்கும். மதியத்துக்கு மேல் மதகைத் திறந்தால் அந்தத் தாழ்வு முழுகிவிடும். இடப்பக்கத்து நாணலில் நாடா ஆடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் அவிழ்த்தாள், பையில் போட்டாள், திரும்பினாள்.

சாப்பாட்டுக்கு நின்ற கிடங்கு நிழலில் வெள்ளைச் சட்டைக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "சாப்பாட்டு மேல கோபம் இல்லையாக்கும்?" என்றாள் வாலக்கா. அவர் திரும்பினார். மீசை இல்லாத, முன்பின் தெரியாத முகம்.

அவள் கிடங்கைச் சுற்றி வந்தாள். சைக்கிள்களைப் பார்த்தாள். கை தானாகப் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தியது. மணி அவளுடைய இடுப்புப் பைக்குள்ளேயே அடித்தது.

"தம்பி, அண்ணன் உன்கூட வரலையா?"

"இல்லையே அண்ணி. உங்ககூடத்தானே வந்தாரு?"

பம்ப் செட்டுக்குப் பின்னால் முகம் கழுவப் போயிருப்பார். அவள் போன பிறகு வந்திருப்பார். வழி பிரியும் இடத்தில் துணியைத் தேடியிருப்பார். அது அவள் இடுப்பில் இருந்தது. கொழுந்தன் மணியைப் பார்த்தான்; மதகு திறக்கும் நேரம். அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். "மதகுக்காரர் போனை எடுக்க மாட்டாரு. நான் நேர்ல போய் நிறுத்துறேன்," என்று சைக்கிளில் தாவினான். அவன் போன திசைக்கு எதிர்த்திசையில் அவள் மிதித்தாள்.

அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியதே இல்லை. வழி பிரியும் இடத்தின் ஈர மண்ணில் ஒரே ஒரு டயர்த் தடம் பழைய கரையின் மேல் நேராகப் போயிருந்தது. இருபக்கமும் நாணல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கரை ஒரு சைக்கிள் அகலம்தான். நாணலின் அடியில் சளசளவென்று ஒரு சத்தம் கூடவே வந்தது. தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது.

தாழ்வின் ஓரத்தில் அவருடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் பாதி தண்ணீருக்குள். ஆளைக் காணோம். ஒற்றைச் செருப்பு மிதந்தது.

"என்னங்க!"

நாணலுக்குள்ளிருந்து ஒரு பறவைக் கூட்டம் படபடவென்று எழும்பிப் போனது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு வெடிக்க மறுபடி கூப்பிட்டாள்.

"இங்கதான்டி. கத்தாதே."

கரையிலிருந்து சறுக்கி, சேற்றில் இடுப்பு வரை இறங்கி, இரண்டு கைகளாலும் நாணலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் மார்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. "காலை எடுக்க முடியலை. எடுத்தா இன்னும் உள்ளே போகுது," என்றார். அந்தக் குரலில் டிரைவர் இல்லை.

வாலக்கா சைக்கிளில் மாட்டியிருந்த கருவிப் பையைக் கவிழ்த்தாள். மாற்று டியூப்களை ஒன்றோடொன்று முடிந்தாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது. தன் சைக்கிளைக் கரைக்குக் குறுக்கே படுக்கப் போட்டு, சட்டத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை வீசினாள். எட்டவில்லை. மறுபடி வீசினாள். எட்டவில்லை. அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால் போனது, முழங்கால் போனது. முனையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறி, சைக்கிள் மேல் உட்கார்ந்து இழுத்தாள். டியூப் நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு பிடித்தது. உறிஞ்சும் சத்தத்தோடு சேறு அவரை விட்டது. கரையில் வந்து குப்புற விழுந்தார்.

வாயில் ஏறிய சேற்றைத் துப்பினார். பிறகு அவர் சொன்னார்: "துணி இல்லை. நீதானே சொன்னே, துணி இல்லைன்னா நேரா போகணும், யோசிக்கக் கூடாதுன்னு. கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் உன் பேச்சைக் கேட்டேன்."

அவள் இடுப்புப் பையிலிருந்து நாடாவை எடுத்து நீட்டினாள். "துணி இருந்துச்சுங்க. நான்தான் எடுத்துட்டேன். பின்னால யாரும் இல்லைன்னு நினைச்சு..."

அவர் நாடாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் பேசுகிற மனுஷர் பேசாமல் எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, "நீ முன்னால போ," என்று மட்டும் சொன்னார்.

"மாட்டேன். எனக்குப் பின்னால நீங்க வர வேண்டாம். முன்னால போங்க."

உருட்டிக்கொண்டு நடந்தார். கரை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் அவர் முதுகு நாணலுக்குள் மறைந்தது. மறுபடி தெரியும்வரை அவளுக்கு மூச்சு வரவில்லை.

"ஏதாவது பேசிக்கிட்டே போங்களேன்."

"என்ன பேச?"

"எதையாவது. என்னைத் திட்டுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு முன்னாலிருந்து குரல் வந்தது. அறிவு இருக்கா உனக்கு என்று ஆரம்பித்தார். கண்டக்டர் வேலை தெரியுமா, கடைசி ஆள் ஏறினானான்னு பார்க்காம விசில் ஊதுவாங்களா என்றார். கல்யாணத்தன்றைக்கு அவள் வீட்டார் பஸ்ஸைத் தவறவிட்டதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இழுத்தார். அடுத்த வளைவில் முதுகு மறைந்தது, குரல் மறையவில்லை. மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க," என்றாள் வாலக்கா.