பொத்தானின் சுற்றளவு

மேல்தெருவில் ஒரு குட்டை நாய்க்கு வயிறு வெடித்துவிட்டதாம். பெரிய நாயோடு சேர்ந்ததால் வந்த வினையாம். சொன்னவர் இஸ்திரிக்காரர். அவருக்குச் சொன்னது பால்காரர். பால்காரரின் காதில் யார் போட்டார்களோ தெரியாது. கேட்டதிலிருந்து தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை.

புருஷன் போனபிறகு முன்னறையில் மெஷினைப் போட்டுத் தெருவில் பாதிப்பேரை அளந்து வைத்திருப்பவள் அவள். மூச்சைப் பிடித்து நிற்கிறவர்களிடம், "விடுங்கண்ணே, தொப்பை எங்க ஓடிடப் போகுது?" என்று சிரிக்க வைத்தே நிஜ அளவை எடுத்துவிடுவாள். வீட்டில் துணைக்கு நாத்தனாரும், வெட்டுத்துணிப் பெட்டிக்குள் அடங்கிவிடும் பொத்தான் என்ற பெட்டை நாயும். பொத்தானைச் சினையாக்கியது மெக்கானிக் ஷெட்டின் காவல் நாய். அதன் பெயரே எருமை.

பயத்துக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து டேப்தான். தினமும் பொத்தானின் வயிற்றைச் சுற்றி அளந்து பார்த்தாள். டேப் அவ்வளவாக ஏறவில்லை.

"பாத்தியா, வயிறு சிறுசு. அப்போ குட்டியும் சிறுசுதான்."

"அப்படியே அளவு குறிச்சு சட்டையும் தெச்சு வச்சுடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ஸ்கேன் எடுக்கச் சொன்னா மட்டும் காதுல விழாது."

"இத்தனை வருஷம் அளந்தவளுக்கு இது தெரியாதா?"

இன்று காலை மாட்டு டாக்டர் தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க வந்தார். அவரிடமும் டேப்பைப் பெருமையாகக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. மண்டியிட்டுப் பொத்தானின் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, நிறைய குட்டி இருந்தா இடத்தைப் பங்கு போட்டுக்கும், எதுவும் ரொம்பப் பெருக்காது. எனக்கு ஒண்ணுதான் தட்டுப்படுது. வயிறு சிறுசா இருக்கறது அதனாலதான். தனிக்குட்டி உள்ள தாராளமா வளரும். வர்ற வழி என்னமோ அதே வழிதான்."

தையல்காரியின் கையிலிருந்த டேப் நழுவித் தரையில் சுருண்டது.

"சாயங்காலம் ஸ்கேனுக்குக் கொண்டாங்க. வேணும்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அதுக்குள்ள வலி வந்து, அரைமணி விடாம முக்கியும் குட்டி வரலைன்னாலும், வர்றதுக்கு முன்னாடியே பச்சையா கசிஞ்சாலும், உடனே கூப்பிடுங்க. எதையும் பிடிச்சு இழுக்காதீங்க. நான் பண்ணையில இருப்பேன். மாட்டுக்குள்ள கை இருந்தா போன் எடுக்க முடியாது. விடாம அடிங்க."

மத்தியானம் பொத்தான் பெட்டிக்குள் துணிகளைக் கிளறிக் கிளறிப் படுத்தது. பிறகு முக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முக்கலுக்கும் அவள் கண்ணைத்தான் பார்த்தது. அடியில் விரித்திருந்த வெள்ளை லைனிங் துணியில் ஒரு கறை படர்ந்தது. ரத்தமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்தாள். பச்சை.

"அண்ணி, லேசா இழுத்துப் பாக்கட்டுமா?"

"கைய வச்சே, கத்திரியாலயே வெட்டிடுவேன்! ஓடு, வண்டி கூட்டிட்டு வா. எந்த ஆஸ்பத்திரி திறந்திருந்தாலும் சரி!"

நாத்தனார் செருப்பில்லாமல் ஓடினாள். அப்போதே ஸ்கேன் எடுத்திருந்தால் என்று நினைத்தபடியே தையல்காரி பொத்தானைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி அழுத்தினாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன வயிறு கல்லாக இறுகியது.

"எடுங்க டாக்டர்... எடுங்க..."

மணி போய்க்கொண்டிருந்தது.