மெகருன்னிசா மேடம் ஏறி இறங்கிய வாசல்கள்

மெகருன்னிசா மேடம் இறந்த செய்தியைப் போனில் எனக்குச் சொன்னவர், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் சின்னச்சாமி. "மேடம் தவறிட்டாங்களாமுங்க" என்றவர், சற்றுத் தயங்கி, "நான் வரலாமுங்களா?" என்று கேட்டார். சாவு வீட்டுக்கு வருவதற்கும் அனுமதி கேட்கும்படி ஒரு மனிதரைப் பழக்கி வைத்திருக்கிறோம். வாருங்கள் என்றேன்.

உங்களில் பலருக்கு மேடத்தை நன்னடத்தை அலுவலராகத் தெரியும். திண்டுக்கல் அலுவலகத்தில் அவருக்குக் கீழே எழுத்தராக இருந்தவன் நான். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலையும் வீடும் தேடி அலைவதை ஓய்வுபெற்ற பிறகும் அவர் விடவில்லை.

சின்னச்சாமி, கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பங்காளியை வெட்டிக் கொன்று பதினோரு வருடம் சிறையில் இருந்தவர். அவர் வெளியே வந்தபோது தகப்பனார் படுத்த படுக்கை. மேடமும் நானும் தொப்பம்பட்டிப் பக்கமிருந்த அந்த ஊருக்குப் போனோம். மேடம் முதலில் போனது கொலையுண்டவரின் தாயிடம். "அவன் எங்கயாச்சும் பொழைக்கட்டுமுங்க. எங் கண்ணுல மட்டும் படவேண்டாம்" என்றார் அந்தத் தாய். மேடம் மறுத்துப் பேசவில்லை. வெளியே வந்ததும், "அதச் சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு சார்" என்றார்.

பிறகு ஊர்க்காரர்களிடம், அந்தத் தாயின் தெருவுக்கு வராமல் சின்னச்சாமி வேறு வழியாக வந்து தகப்பனாரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். முடியாது என்றார்கள். "பதினோரு வருசம் பத்தலைன்னா இன்னும் எத்தன வருசம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார் மேடம். கூட்டம் எழுந்து கலைந்தது. அடுத்த மாதம் தகப்பனார் இறந்தார். மகன் முகம் பார்க்கவில்லை.

ஊரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மாடி வீடு அப்போது காலியாக இருந்தது. சின்னச்சாமிக்குக் கொடுங்கள் என்று மேடம் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைக் காரணம் சொன்னேன். "ஃபைல்ல அவருக்காக நல்லா எழுதுறீக. வீட்டுக்கு மட்டும் வேணாமாக்கும்" என்றார். தன் வீட்டுப் பின்னறையிலேயே அவரைத் தங்க வைத்தார். சந்தையில் வேலை கிடைக்கும்வரை எட்டு மாதம். அதற்காக மேடத்தின் அண்ணன் அந்த வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திக்கொண்டார்.

அந்த அண்ணன்தான் இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தினார். தங்கையின் சேவையைப் புகழ்ந்த பிரமுகர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். சின்னச்சாமியைப் பார்த்ததும், "பெரிய ஆளுக வாராக. செத்த தள்ளி நில்லுப்பா" என்றார். நான் அருகில்தான் நின்றேன். கபர்ஸ்தானில் எல்லோரும் மண் போட்டுக் கலையும்வரை சின்னச்சாமி வெளிக்கேட்டருகே நின்றார். பிறகு உள்ளே போய் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் ஏறப் போனார்.

மாடி வீட்டை மறுத்த பிறகும் மேடம் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். ரமலானுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினார். மகள் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தினார். ஆனால் யாருக்காகவும் என்னிடம் எதுவும் அவர் மறுபடி கேட்டதே இல்லை. அவர் எனக்கு விட்டுச் சென்றது அது ஒன்றுதான்.