கணக்கப்பிள்ளையின் விசில்

அந்தக் காலத்துப் பாட்டு என்றாலே எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்த நாட்களில் ஒரு காதல் பாட்டு, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு லயம் ரேடியோவில் முழங்கியது. எங்கள் கணக்கப்பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டார். கொழுந்து நிறுக்கும்போது, கண் வைத்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அந்த மெட்டை விசிலடிப்பார். முறைத்தால் மறுநாள் வேலை கிடையாது.

ஒருநாள் புதிதாக வந்த செல்வியைப் பார்த்து விசிலடித்தார். அவள் கூடையை இறக்காமல் ஓரடி பின்வாங்கினாள். எனக்குப் பின்னால் நின்ற மாரியாயி அக்கா, திடீரென்று அதே பாட்டைத் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு வரிசையே பாடியது.

விசில் நின்றுவிட்டது.

"ஏங்க ஐயா நிப்பாட்டிட்டீங்க? நீங்க விசிலடிங்க, நாங்க பாடுறோம். தொரை பங்களா வரைக்கும் கேக்கட்டும்!" என்றாள் அக்கா.

அவர் தலை குனிந்தபடி செல்வியின் கொழுந்தை நிறுத்துப் போட்டார். அதன்பிறகு அந்த மெட்டு அவர் வாயில் வரவேயில்லை.

இன்றும் அந்தப் பாட்டைப் போடும்போது, பாடகரின் குரலில் தேன் ஒழுகுவதாக ரேடியோவில் புகழ்கிறார்கள். ஒழுகட்டும். அதைப் பாடியது யாரென்று என்னைக் கேட்டால், மாரியாயி என்றுதான் சொல்வேன்.